அத்தான் வண்டிப் பம்பு

அண்ணாச்சி இப்ப போன்ல, “கதவைச் சாத்திட்டுப் போகணும்லா”ன்னு சொன்னிய பாருங்க, அந்த ‘லா’ காதுல விழுந்ததும்தான் எனக்குச் சீவன் வந்துச்சு. திருநெவேலிப் பக்கமா? பாவூர்சத்திரமா! அட, அப்ப நமக்குப் பக்கத்து ஊருல்லா. நான் புளியங்குடி. பேரு கோமதிநாயகம். நாலு நாளா இந்த விசயவாடாவுல தெலுங்குச் சத்தத்துலயே கெடந்தேன். ஒரே ஒருத்தன்கிட்டதான் தமிழ் பேசுனேன். அவன் என் மச்சினன்.

எங்கே போறதா? இந்த ரயில்ல ஊருக்குத்தான் போறேன். மக கல்யாணத்துக்கு அவனுக்குப் பத்திரிகை வைக்க வந்தேன். வச்சிட்டேன். அவன் வரமாட்டேன்னுட்டான். லீவு கிடைக்காதாம்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அவன் அக்கா சாவுக்கே வராதவன். என் வீட்டுக்காரி உலகம்மா போன கார்த்திகையில தவறிட்டா. கிட்னி போயிட்டு. ஒரு லாரிக்காரர் மூலமா அவனுக்குச் சொல்லித்தான் விட்டேன். சேதி அன்னிக்கே அவன் காதுக்குப் போயிருக்கு. வரலையே. பொறந்த வீட்டுக் கோடி போடத் தம்பி இல்லாம, தூரத்துச் சொந்தத்துல ஒருத்தரைக் கூப்பிட்டுத் துணியைக் கையில கொடுத்தோம். ஊரே பாத்துட்டு நின்னுச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க.

எல்லாம் ஒரு பம்பால வந்த வினை, அண்ணாச்சி. தண்ணி பம்பு இல்ல. டீசல் பம்பு.

நான் பிக்கப் வண்டி வச்சிருக்கேன். எலுமிச்சங்காய் ஏத்தி, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு மலை ஏறி, புனலூர், கொல்லம்னு மலையாளத்துல கொண்டு எறக்குவேன். அந்த வண்டி இன்ஜின்ல ஒரு பம்பு உண்டு. டீசலை அளந்து அளந்து பீச்சி அடிக்கும். அது அளவா அடிச்சாத்தான் வண்டி இழுக்கும். அதுக்குள்ள மயிரிழை கூட இடைவெளி இல்லாத குழாயில சின்னச் சின்ன எஃகுக் கம்பி ஏறி எறங்கும். எலிமென்ட்டும்பாங்க. அதுக்குத் தனியா ஆயில் ஊத்துறது கிடையாது. டீசல்தான் அதுக்கு வழுவழுப்பு. இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? குத்தாலிங்கம் சொல்லிக் கொடுத்ததுதான். குத்தாலிங்கம்கிறதுதான் என் மச்சினன்.

அவன் நல்ல வேலைக்காரன். அதைச் சொல்லணும், இல்லன்னா பாவம். கோயம்புத்தூர்ல எட்டு வருசம் இதே வேலை பாத்துட்டு வந்து கடையநல்லூர்ல பம்பு கடை போட்டான். பழைய டெஸ்ட் மிசின் ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தான். சங்கரன்கோயில்ல இருந்து செங்கோட்டை வரைக்கும் டீசல் வண்டிக்காரன் எல்லாரும் அங்கதான் நிப்பான். நீளமான ஸ்க்ரூ டிரைவரை இன்ஜின்ல ஊனி, பிடியைக் காதுல வச்சு, கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பான். “மூணாவது நாசில் அழுவுது அண்ணாச்சி”ம்பான். கழட்டிப் பாத்தா, டீசலைப் பீச்சுற மூக்குல மூணாவதுதான் போயிருக்கும்.

உலகம்மாவுக்கு அவன் தம்பி மட்டும் இல்ல. அவுக அம்மா சாகும்போது அவனுக்கு அஞ்சு வயசு, இவளுக்குப் பதினாலு. சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் கொண்டு விட்டு, காய்ச்சல்னா மடியில போட்டு வளத்தவ. கல்யாணமாகி எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு அழுதா பாருங்க, அப்பனை நினைச்சு அழல. “குத்தாலிங்கத்துக்கு யாரு தலை தேச்சு விடுவா”ன்னு அழுதா. அப்ப அவன் மீசை முளைச்ச பய.

சரி, பம்புக்கு வாரேன்.

வண்டி வாங்கி ரெண்டு வருசம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ஒரு சித்திரையில, சூடாயிட்டா ஸ்டார்ட் ஆக மாட்டேன்னுச்சு. காலையில ஒரே அடியில எடுக்கும். நாப்பது மைல் ஓட்டிட்டு டீக்குடிக்க நிறுத்துனோம்னா அவ்வளவுதான், தள்ளணும். லோடு வண்டியை யார் தள்ளுவா? குத்தாலிங்கத்துகிட்டக் கொண்டு போனேன். பம்பைக் கழட்டித் தொறந்தான். மோந்து பாத்தான். விரல்ல தொட்டுத் தேச்சுப் பாத்தான். எலிமென்ட்டை வெளிச்சத்துல காட்டி, “அத்தான், கீறல் விழுந்திருக்கு பாருங்க. டீசல் எங்கே போடுதிய?”ன்னான்.

“பெட்ரோல் பங்குலதான்”னேன்.

“ஒரே பங்கா?”

“ஆமா, ஒரே பங்குதான். ஏன்?”

“சும்மாதான் கேட்டேன். நல்ல டீசலாப் போடுங்க அத்தான்”னு சொல்லிட்டுக் குனிஞ்சு வேலையைப் பாத்தான்.

பங்குலதான் போடுவேன், அண்ணாச்சி. அது பொய்யில்ல. கூடக் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊத்துவேன். அது எல்லாரும் ஊத்துறதுதான். ரேசன் மண்ணெண்ணெயைக் கேன் கேனா வாங்கி விக்கிற ஒருத்தன் அப்ப எங்க பக்கம் இருந்தான். கொஞ்சம்தான் கலப்பேன். பெறகு ஓணம் வரப் போகுது, லோடு நிறைய வருதுன்னு இன்னும் கொஞ்சம். பாதிக்குப் பாதியெல்லாம் இல்ல. சில நாள் பாதி இருந்திருக்கும். வண்டி என்ன, குடிச்சா சொல்லவா போகுது?

புது எலிமென்ட் போட்டுக் கொடுத்தான். பழசை எல்லாம் பேப்பர்ல மடிச்சு என் கையில கொடுத்துட்டான். “கழட்டுனதை வண்டிக்காரர்கிட்டக் கொடுத்துரணும் அத்தான், அதான் முறை”ம்பான். ரெண்டு மாசத்துல மறுபடியும் அதே நோக்காடு. மறுபடியும் தொறந்தான், மறுபடியும் கேட்டான்: “அத்தான், டீசல் எங்கே போடுதிய?” எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. “ஏ மாப்ள, உன் வேலையில நொட்டை வச்சுக்கிட்டு என் டீசலைக் கேக்கியோ?”ன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பாத்தான். பழையபடி போட்டுக் கொடுத்தான். கூலின்னு ஒண்ணும் வாங்கல, அதையும் சொல்லிருதேன்.

மூணாவது தடவைதான் மோசம்.

ஓணத்துக்கு முந்தின லோடு. மலையாளத்துக்காரன் ஓணச் சாப்பாட்டுக்கு நாரங்கா ஊறுகாய், அதான் நம்ம எலுமிச்சங்காய் ஊறுகாய், இல்லாம இலை போட மாட்டான். அந்த ஒரு லோடை நம்பித்தான் மண்டியில அத்தனை பேரும் இருப்பான். என்னை நம்பி மூணு கடைக்காரர் காய் ஏத்தி விட்டாங்க. ஆரியங்காவு ஏத்தத்துல பாதி ஏறியிருப்பேன். வண்டி முக்குது. கருப்பாப் புகையைத் தள்ளுது. ஒரு வளைவுல நின்னுட்டு. கை பம்பை அடிச்சுப் பாத்தேன், டீசல் குழாய்ல அடைச்ச காத்தை எடுத்துப் பாத்தேன், பல்லைக் கடிச்சுட்டுச் சாவியைத் திருகிப் பாத்தேன். ஒண்ணுக்கும் அசையல. மழை வேற. தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு உக்காந்திருந்தேன். வேற வண்டி புடிச்சு மாத்தி ஏத்துறதுக்குள்ள ஒன்றரை நாள் ஆயிட்டு. தார்ப்பாய்க்குள்ள காய் வெந்து போச்சு. கொல்லத்துக்குப் போனப்ப ஓணம் முடிஞ்சு இலையெல்லாம் தெருவுல கெடக்கு.

மண்டிக்குத் திரும்பி வந்தேன். அம்பது பேரு நிக்கான். “என்ன கோமதிநாயகம், இப்படிப் பண்ணிட்டியே”ன்னு ஒருத்தர். “வண்டியை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன்லாம் எதுக்கு லோடு எடுக்கான்”ன்னு இன்னொருத்தர். நான் என்ன சொல்லட்டும்? அந்த இடத்துல நீங்க நின்னாலும் அதைத்தான் சொல்லியிருப்பிய.

“என் மச்சினன் புது எலிமென்ட்னு சொல்லிப் பழசைத் தேச்சுப் போட்டுட்டான்”னேன்.

அவ்வளவுதான், அண்ணாச்சி. ஒரே ஒரு வார்த்தை. வேணும்னு சொல்லல. வாயில வந்துட்டு.

ஆனா கூடி நின்னவன் அத்தனை பேரும் வண்டிக்காரன். பாதிப்பேரு வண்டிக்குக் குத்தாலிங்கம்தான் பம்பு பாத்தவன். “சொந்த அத்தானுக்கே இப்படிச் செய்யுறவன் நமக்கு என்னத்தைப் போட்டிருப்பான்?”னு ஒருத்தன் கேட்டான். நான் பதில் சொல்லல. சொல்லாததுதான் சாட்சியாப் போச்சு.

மறுநாள் குத்தாலிங்கமே மண்டிக்கு வந்தான். கையில மஞ்சப்பை. அதுக்குள்ள பேப்பர் சுத்தி ஏதோ பாட்டில். எல்லாரும் வேலையைப் போட்டுட்டு வட்டமா நின்னுட்டாங்க. மல்லுக்கு வருவான்னு நினைச்சேன். அவன் பைக்குள்ள கையை விட்டான். பாட்டில் கழுத்தைப் பிடிச்சான். என் மூஞ்சியைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். பெறகு கையை வெளிய எடுத்துட்டான். “அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்”னு சொல்லிட்டுத் திரும்பி நடந்துட்டான்.

“பாத்தியளா, குத்தமுள்ள நெஞ்சு”ன்னாங்க எல்லாரும். நானும் அப்படித்தான் நினைச்சேன். நினைச்சேன்னா... நினைச்சுக்கிட்டேன்.

உலகம்மாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். வீட்டுக்குள்ள வேறயும் வெளிய வேறயும் பேச முடியாதுல்லா? அவ முதல்ல நம்பல. “அவன் செய்யமாட்டான்ங்க”ன்னா. “அப்ப நான் பொய் சொல்லுதேனா?”ன்னேன். அப்புறம் சேலையை இழுத்துச் சொருகிட்டு பஸ் ஏறிக் கடையநல்லூர் போயிட்டா. கடை வாசல்ல நின்னு கத்தியிருக்கா. “எம் புருசன் சோத்துல மண்ணைப் போட்டியேடா பாவி. உன்னைத் தூக்கி வளத்த கைக்கு இதுதான் கூலியா? என் சாவுக்கும் நீ வரக்கூடாது.” அவன் “அக்கா, உள்ள வந்து உக்காரு, வெயிலா இருக்கு”ன்னு மட்டும்தான் சொன்னானாம். பக்கத்துக் கடைக்காரர் எனக்குச் சொன்னது.

எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. கூடப்பொறந்தவனா, கட்டுனவனான்னு வந்தப்ப அவ என் பக்கம்லா நின்னா.

ஆறு மாசத்துல கடைக்கு ஈ காக்கா போகல. சுரண்டையில அவனுக்கு ஒரு பொண்ணு பேசிப் பூ வச்சிருந்தாங்க. பொண்ணோட அப்பாவும் லாரி வச்சிருந்தவர். “களவாணிப் பயலுக்குப் பொண்ணு கொடுக்கவா”ன்னு அதையும் முறிச்சுட்டாங்க. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? டெஸ்ட் மிசினை வித்துட்டு விசயவாடாவுக்குப் போயிட்டான்.

டீ வருது. சாப்பிடுதியளா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம்.

பெறகு நான் ராசபாளையத்துல ஒரு மெக்கானிக்கைப் பிடிச்சு வேற பம்பே வாங்கி மாட்டுனேன். நாலே மாசம். அதுவும் போயிட்டு. அந்த மெக்கானிக் வயசான மனுசன். யாரு எவருன்னு பாக்கமாட்டாரு. பம்பைத் தொறந்ததும் என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. “மோந்து பாரும்”னாரு. மோந்தேன். “மண்ணெண்ணெய்ல ஓட்டுற வண்டிக்குச் சாமியே வந்து பம்பு செஞ்சாலும் நிக்காது. இதுக்கு முன்னால பாத்தவன் இதைச் சொல்லலையா?”ன்னாரு.

அவருகிட்டயே வேற பம்பு மாட்டச் சொன்னேன், அண்ணாச்சி.

அன்னியோட மண்ணெண்ணெயை விட்டேன். அப்ப மாட்டுன பம்பு, எட்டு வருசமா இன்னும் தொறக்கல. ஆரியங்காவு ஏத்தத்துல பாட்டுப் படிச்சுட்டு ஏறுது.

உலகம்மாகிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன். சத்தியமா. ராசபாளையத்துல இருந்து வார வழியெல்லாம் வார்த்தையைச் சேத்துச் சேத்து வச்சேன். வீட்டுக்கு வந்தா அவ குழம்பைக் கிண்டிக்கிட்டு, “என்ன, வண்டி சரியாயிட்டா?”ன்னா. “சரியாயிட்டு”ன்னேன். நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். நாளைக்கு மக நித்யாவுக்குப் பரிச்சை. நாளைக்கழிச்சு லோடு. ஒரு மாசம் ஆனப்புறம், ஏன் ஒரு மாசமாச் சொல்லலன்னு கேப்பாளேன்னு ஆயிட்டு. ஒரு வருசம் ஆனப்புறம் அது இன்னும் பெருசாயிட்டு. உங்களுக்குப் புரியுதா? சொல்லாத ஒவ்வொரு நாளும் அது மேல ஒரு கல்லை ஏத்தி வைக்கிற மாதிரி.

நித்யா பெரியவளானப்ப அவன் பார்சல்ல பட்டுப்பாவாடை அனுப்பியிருந்தான். தாய்மாமன் சீர். அக்கா பேருக்குத்தான் வந்துச்சு. உலகம்மா பிரிக்கல. என்னையப் பாத்தா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பிரிச்சிருப்பா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பேப்பர் படிச்சேன். திருப்பி அனுப்பிட்டா. அதுக்கப்புறம் தென்காசி பஸ்ல போனா அவன் கடை இருந்த பக்கத்துச் சன்னல்ல உக்கார மாட்டா. இந்தப் பக்கம் இடமில்லன்னா நின்னுக்கிட்டே வருவா.

இப்ப நித்யாவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருக்கு. வாற தையில கல்யாணம். அவதான் பிடிவாதம். “அம்மாவைத் தூக்கும்போதுதான் மாமா இல்ல. என் கல்யாணத்துக்காவது கூட்டிட்டு வாங்கப்பா. சண்டை உங்களுக்குள்ளதானே”ன்னா. பத்திரிகையில தாய்மாமன்னு அவன் பேரைத்தான் போட்டிருக்கா. அதைத் தூக்கிட்டுத்தான் வந்தேன்.

ஒரு பெரிய பம்பு கடையில கூலிக்கு நிக்கான், அண்ணாச்சி. சொந்தக் கடை வச்சிருந்தவன். தலை பாதி நரைச்சுட்டு. கல்யாணம் பண்ணிக்கல. கடைக்கு மேலயே ஒரு ரூம். என்னைப் பாத்ததும் கையைக் கழுவக்கூட இல்ல, “அத்தான்”னு ஓடி வந்தான். ஓடி வந்தவன் பக்கத்துல வந்ததும் நின்னுட்டான், தொடலாமா வேண்டாமான்னு. நான் கையைப் பிடிச்சேன். இடது கையில ரெண்டு விரல் பாதிதான் இருக்கு.

“என்ன மாப்ள இது?”

“நாசில் டெஸ்ட் பண்ணும்போது டீசல் விரல்ல பாஞ்சுட்டு அத்தான். ஊசி குத்துன மாதிரிதான் இருந்துச்சு. விட்டுட்டேன். பழுத்துட்டு. எடுத்துட்டாங்க. வேலைக்கு ஒண்ணும் தடங்கல் இல்ல.”

நேத்து ஞாயித்துக்கிழமை. மத்தியானம் அவனே சோறு வடிச்சு, கத்திரிக்காய் புளிக்குழம்பு வச்சான். உலகம்மா வைக்கிற அதே பக்குவம். பத்திரிகையைக் கொடுத்தேன். அவன் பேரு இருந்த இடத்தை அந்தப் பாதி விரலால தடவுனான். “வாரேன் அத்தான். நாலு நாளைக்கு முன்னாலயே வாரேன். நித்யாவை மணவறைக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன்”னான். கண்ணெல்லாம் தண்ணி. கேட்டுக்கிடுங்க, அப்ப வாரேன்னுதான் சொன்னான்.

நானும் பெருந்தன்மையா, “நடந்ததை எல்லாம் நான் என்னிக்கோ மறந்துட்டேன் மாப்ள. நீயும் மறந்துரு”ன்னேன்.

அவன் சிரிச்சான். “வண்டி எப்படி ஓடுது அத்தான்?”

“நல்லா ஓடுது. எட்டு வருசமாப் பம்பைத் தொறக்கல.”

“அப்ப மண்ணெண்ணெயை விட்டுட்டிய.”

சோத்துல வச்ச கை அப்படியே நின்னுட்டு எனக்கு. “உனக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியும். தொறந்ததும் மணம் வந்துட்டுல்லா. மண்டிக்கு ஒரு பாட்டில் கொண்டாந்தேனே, ஞாபகம் இருக்கா? உங்க வண்டி பில்டர்ல புடிச்சது அது. லேசா நீலம் ஓடிக் கெடந்துச்சு. ரேசன் மண்ணெண்ணெய் நீலமாத்தான இருக்கும்? தொறந்து காட்டுனா அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கும்.”

“ஏன்டா காட்டல?”

“காட்டுனா ரேசன் எண்ணெய்க் கேசுன்னு போலீஸ்காரன் வண்டியப் பிடிச்சிருப்பான். உங்களை உள்ள வச்சிருப்பான். நித்யாவை இடுப்புல வச்சுக்கிட்டு அக்கா ஸ்டேசன் வாசல்ல நிக்குற மாதிரி கண்ணு முன்னால வந்துச்சு. நித்யா அப்ப இடுப்புல வைக்கிற பிள்ளையா என்ன? ஆனா எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு. எனக்கென்ன, ஒத்தைக் கட்டை. எங்கயும் போய்ப் பொழைச்சுக்கிடலாம்னு நினைச்சேன்.”

அவன் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊத்துனான். அப்புறம் ரொம்ப மெதுவாக் கேட்டான். “அத்தான், இதை அக்காகிட்டச் சொன்னியளா?”

அண்ணாச்சி, உலகம்மா ஆஸ்பத்திரியில கெடந்தா. கடைசி வாரம். கையும் காலும் வீங்கிப் போயி, மூச்சு விடவே சங்கடப்பட்டா. ஒரு நாள் காலையில நான் இட்லியைப் பிட்டு வாயில வைக்கப் போறேன். என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டுக் கேட்டா. “ஏங்க, குத்தாலிங்கம் நெசமாவே அப்படிச் செஞ்சிருப்பானா?” நான், “இப்ப எதுக்கு அதெல்லாம், சாப்பிடு”ன்னேன். சாயங்காலம் மறுபடியும் கேட்டா. “இல்ல, செஞ்சிருப்பானா?” நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டேன். மூணாம் நாள் போயிட்டா.

அது எல்லாம் அந்தச் சோத்துத் தட்டுக்கு முன்னால வந்து நின்னுச்சு. இவன் என் வாயையே பாத்துட்டு இருக்கான். இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? ஒரு நல்ல வார்த்தை சொல்லி அவன் மனசைக் குளுர வைக்கணும்னு நினைச்சேன்.

“சொல்லாம இருப்பேனா மாப்ள? எனக்குத் தெரிஞ்ச மறுநாளே உங்கக்காகிட்டச் சொல்லிட்டேன்”னேன்.

சந்தோசப்படுவான்னு பாத்தேன். அவன் மூஞ்சி போன போக்கு... விளக்கை ஊதி அணைச்ச மாதிரி. “மறுநாளேயா? அப்ப எட்டு வருசம் இருக்குமே”ன்னான்.

“ஆமா”ன்னேன்.

“எட்டு வருசமா அக்காவுக்குத் தெரியுமா?”ன்னான். என்கிட்டக் கேட்ட மாதிரி இல்ல. தட்டை எடுத்துட்டுப் போயிக் கழுவ ஆரம்பிச்சான். கழுவுன தட்டையே கழுவிக்கிட்டு நின்னான். எனக்கு ஒண்ணும் விளங்கல. நல்ல வார்த்தைதானே சொன்னோம், இவன் ஏன் இப்படி ஆயிட்டான்னு நினைச்சேன். இன்னிக்குக் காலையிலதான், “கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது அத்தான். நித்யாவுக்குச் சேலை வாங்கி அனுப்பி வைக்கேன்”னான். நேத்து வாரேன்னவனுக்கு இன்னிக்கு எங்கே இருந்து வந்துச்சு லீவு கிடைக்காத கதை?

ரயிலேத்தி விட வந்தான். தண்ணி பாட்டில், வாழைப்பழம் எல்லாம் வாங்கிக் கொடுத்துட்டு, இந்தா, இந்தச் சன்னல் கம்பியைப் பிடிச்சுட்டுத்தான் நின்னான். நீங்க அந்தப் பக்கம் பேப்பர் படிச்சுட்டு இருந்திய. அப்பத்தான் சொன்னான்.

“அத்தான், இத்தனை வருசமும் நான் ஒண்ணை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். அக்காவுக்குத் தெரியாது, தெரிஞ்சா ஓடி வந்திருவான்னு. சாவுக்கு வரணும்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். அவ வரக்கூடாதுன்னு சொன்னாளே, பொணத்துக்கு முன்னால போயி அவ பேச்சை மீறவான்னு திரும்பிட்டேன். தெரிஞ்சும் ஒரு போன் போடலைன்னா, அவளுக்கு என்ன சங்கடமோ. விடுங்க. நான் அக்காவைக் குத்தம் சொல்லல. வளத்தவ. அவ செஞ்சா ஒரு காரணம் இருக்கும்.”

அண்ணாச்சி, அவன் அவளை மன்னிக்கான். அவ செய்யாத ஒண்ணுக்கு. ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிக்கிட்டு இவனைப் பத்தி ரெண்டு தடவை கேட்டவளை.

வண்டி நகந்துட்டு. நான் வாயைத் தொறந்தேன். கையைத்தான் ஆட்டுனேன். கிருஷ்ணா பாலம், தெனாலி எல்லாம் தாண்டிட்டு. நான் உங்ககிட்ட, அக்கா சாவுக்கு வராதவன்னு அவனைத்தான் குறை சொல்லிட்டு உக்காந்திருக்கேன், பாருங்க.

நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய. பரவாயில்ல. என்ன நினைக்கியன்னு தெரியுது. பாவூர்சத்திரத்துக்காரர், பதுவிசா இருக்கிய. என் மூஞ்சியைப் பாக்காம சன்னலைப் பாக்கிய.

இருங்க. நம்பர் இந்தப் பத்திரிகைக்குப் பின்னாலதான் எழுதித் தந்தான். எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது. கொஞ்சம் போட்டுத் தாங்களேன். ஆமா, அந்த நம்பர்தான்.

ரிங் போகுது.

மாப்ள... நான்தான். அத்தான். ரயில்லதான் இருக்கேன். ஒண்ணுமில்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. அங்க மிசின் ஓடுற சத்தம் கேக்கு. கொஞ்சம் வெளிய வா. நான் காத்திருக்கேன், வா.

வந்துட்டியா? உக்காரு. எங்கயாவது உக்காந்துக்க. மாப்ள, நேத்து நான் சொன்னது பொய். உங்கக்காவுக்குத் தெரியாது. அவ ஆஸ்பத்திரியில வச்சு என்கிட்ட உன்னைப் பத்தி ஒண்ணு கேட்டா. ரெண்டு தடவை கேட்டா. நான் பதில் சொல்லல.